நல்லதண்ணீர் வீடு

தீவு என்றால் நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு ஒரே குரலில் ஒப்புவித்தோம். கீழேயும் நீர்தான் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதுவும் உப்பு நீர். மழை பெய்து கல்லுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர், அந்த உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகக் கிடக்கிறது. அந்தப் படையை நம்பித்தான் புங்குடுதீவில் இத்தனை சனம் பிள்ளை பெற்று, கலியாணம் செய்து, கோயில் கட்டி வாழ்ந்தது. இதை நான் தலை நரைத்த பிறகு, ஒரு படித்த பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். அறிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை அந்தக் காலத்திலேயே ஆராவது சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று அந்தப் பிள்ளையையே ஏசிவிட்டேன். அது பாவம், அந்தக் காலத்தில் பிறந்திருக்கவே இல்லை.

எங்கள் தீவுகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மீன், நண்டு, ஊர்காவற்றுறையில் வந்து நிற்கும் பாய்க்கப்பல், நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குச் சனம் நிறைந்து போகும் வள்ளங்கள், நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள். எல்லாம் உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்த இறுப்பிட்டியில் ஒரு பெண்பிள்ளைக்குக் கடல் என்பது பனங்கூடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் இரைச்சல், அவ்வளவுதான். எங்களுக்கு விடிவதும் பொழுது படுவதும் குடிதண்ணீரில். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. கிட்டத்தட்ட அத்தனையும் உவர். அதில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், மாட்டுக்கு வைக்கலாம். பருப்பை அந்தத் தண்ணீரில் வைத்தால் பின்னேரம்வரை கொதித்தாலும் வேகாமல் கிடக்கும். தேத்தண்ணீருக்குப் பால் விட்டால் திரைந்து போகும். மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கும் நேரம் பால் திரைந்தால் வேறு அவமானம் தேவையில்லை.

வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் எங்கள் பக்கத்தில் இரண்டு கிணறுகளில்தான் இருந்தது. அவற்றில் ஒன்று எங்கள் வளவுக்குள். அதனால் எங்களுக்கு நல்லதண்ணீர் வீட்டுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் எங்களுக்குக் கொஞ்சம் கெப்பரும் பெருமையும் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். காலையும் பின்னேரமும் ஊர்ப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு வருவார்கள். படலை பூட்டுவதில்லை, கேட்டுக்கொண்டு வருவதுமில்லை. எல்லாரையும் கிணற்றுக் கட்டில் ஏறி அள்ள விட்டோம் என்றில்லை. சிலருக்கு நாங்கள் அள்ளி ஊற்றினோம், அவர்கள் கீழே நின்று வாங்கினார்கள். பண்பாடு என்று கேட்டால் அதுவும் எங்கள் பண்பாடுதான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கிணற்றில் அள்ளுவதற்கு ஒரு முறை இருந்தது. மற்றக் கிணறுகளில் நீட்டு மரத்தில் துலா போட்டு இறைப்பார்கள். எங்கள் கிணற்றில் துலா கிடையாது. பனையோலைப் பட்டையைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி, மேல் தண்ணீரைத்தான் கோல வேண்டும். பட்டை அடியில் முட்டினால் அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தபடியே ஏசுவார். கோடையில் வீட்டுக்கு ஒரு குடம். அதை அள்ளிவிட்டு ஊறும்வரை இருந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஏன் இந்த முறை என்று அம்மாவுக்கும் தெரியாது. அப்படித்தான் அள்ளுகிறது என்பார், அதற்கு மேல் கேட்டால் வேலை ஒன்று தந்து துரத்திவிடுவார்.

எங்கள் ஊரின் இன்னொரு விசேஷம், ஆண்கள் ஊரில் இல்லாதது. பெடியன்களுக்கு வேட்டியை இறுக்கிக் கட்டத் தெரியும் முன்பே தெற்கே கடைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். காலி, மாத்தறை, பதுளை, குருநாகல் என்று இலங்கையின் ஊர்கள் எல்லாம் எங்களுக்கு ஆட்களின் பெயரோடு சேர்ந்துதான் தெரியும். எங்கள் தகப்பனார் குருநாகலில் ஒரு சொந்தக்காரரின் கடையில் நின்றவர். அங்கேயே நோய் கண்டு, வீட்டுக்கு வந்து செத்துப்போனார். அந்த வருஷமே அண்ணையை அதே கடைக்கு அனுப்பினார்கள். படிப்பில் கெட்டிக்காரன் என்று வாத்தியார் வந்து அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். அம்மா என்ன செய்வார்? இரண்டு பெண்பிள்ளைகள், அக்காவும் நானும். அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினார் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவார்.

அவர் வருஷத்தில் ஒருமுறை வருவார். வேலணையில் வள்ளம் ஏறி அந்த ஆழமில்லாத பரவைக் கடலைத் தாண்டி வர வெயில் ஏறிவிடும். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பார். குடித்துவிட்டு, இந்தத் தண்ணிக்குத்தான் இவ்வளவு தூரம் வாறனான், உங்களைப் பார்க்க இல்லை என்று எங்களைச் சீண்டுவார். கடையில் மேசைக்குக் கீழே சாக்கு விரித்துப் படுக்கிறவர், அங்கே படும் பாட்டை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அக்காவுக்கு நயினாதீவில் இருந்து சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். ஆகவே அக்காவுக்கு எங்கள் வீடு, வீட்டோடு கிணறு. மாப்பிள்ளையின் தாயார் பெண் பார்க்க வந்து, கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகத் தண்ணீர் கேட்டார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த மனுசி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு. செம்பைக் கீழே வைத்த பிறகுதான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, தண்ணியும் நல்லம், பிள்ளையும் நல்லம் என்றார். நாங்கள் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்காவை விடக் கிணறு முந்திவிட்டது என்று நான் அவளைப் பகிடி பண்ணினேன். அக்காவுக்கு அப்போதும் சிரிப்புத்தான்.

வைகாசியில் கலியாணம் என்று நாள் வைத்தாயிற்று. அந்த முறை பார்த்து மாரி ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில் நாலு தூறல் தூறியதோடு வானம் வெளுத்துப்போனது. மாசியிலேயே கிணற்றின் அடி தெரியத் தொடங்கியது. பங்குனி முடிய, காலையில் வந்த பெண்கள் ஒரு குடம் நிறைவதற்குள் களைத்துப் போனார்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அண்ணை வந்து இறங்கினார். வழமைபோலக் கிணற்றடிக்குப் போனவர் எட்டிப் பார்த்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். அவர் குடிக்கவில்லை. இருக்கிற தண்ணீர் பெண்களுக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்.

கலியாண வீடென்றால் சும்மாவா. பந்தல் போடுகிறவர்கள், சமைக்கிறவர்கள், நயினாதீவில் இருந்து வள்ளம் வள்ளமாக வரும் மாப்பிள்ளை பகுதி, மூன்று நேரமும் பந்தி. அவ்வளவுக்கும் தண்ணீர் எங்கே? மற்ற நல்ல கிணறு வைத்திருந்த வீட்டாரோடு எங்களுக்குக் கோயில் திருவிழா உபயத்தில் ஏற்பட்ட பழைய கோபம். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்லதண்ணீர் வீட்டுக்காரர் மகளின் கலியாணத்துக்குத் தண்ணீருக்குக் கை நீட்டுவதா என்று அண்ணை கொதித்தார். மாப்பிள்ளையின் தாய் என்ன நினைப்பா, அந்த வாயில் விழுந்து எழும்பத் தங்கச்சியால் ஏலுமா என்றார். கிணற்றை ஆழமாக்குவது என்று அவரே முடிவெடுத்துவிட்டார்.

அம்மா சம்மதிக்கவில்லை. தகப்பன் தொடாத கிணறு, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணை அம்மாவுக்கு எதிரே குந்தியிருந்து சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அம்மா, குருநாகலிலை எங்கடை கடைக்குப் பின்னாலை ஒரு கிணறு. போன கோடைக்கு வத்தினது. இன்னும் ஒரு ஆள் ஆழம் வெட்டினம். இப்ப அள்ளக் குறையாத தண்ணி, நல்ல குளிர். அங்கையும் நிலம்தான், இஞ்சையும் நிலம்தான்."

அதுதான் பிழை. பத்து வயதில் ஊரைவிட்டுப் போன பிள்ளை, அறிந்த நிலம் எல்லாம் அந்த நிலம். அங்கே ஆழமாகப் போகப் போக நல்ல தண்ணீர். இங்கே ஆழமாகப் போனால் என்ன என்று அவருக்கு ஆர் சொன்னது? ஊர் ஆண்கள் எல்லாரும் அவரைப்போலத் தெற்கே கிடந்து வருஷப் பிறப்புக்கு வந்தவர்கள். ஓம், வெட்டினால் நல்லதுதான் என்று அவர்களும் தலையாட்டினார்கள். பெண்களுக்கோ அன்றைக்கு ஒரு குடம் நிறைந்தால் போதும் என்ற நிலை. எனக்கும் அண்ணை சொன்னது சரியாகத்தான் பட்டது. அம்மா ஒருத்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மாவிடமும் காரணம் இருக்கவில்லையே, பயம்தானே இருந்தது. எங்களுக்காகத் தன் படிப்பையும் வயதையும் தொலைத்த பிள்ளையிடம் அதற்கு மேல் எப்படி மறுப்பது?

ஆட்கள் அலவாங்கோடு இறங்கி அடியில் இருந்த வெள்ளைக் கல்லை உடைத்தார்கள். அண்ணையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னேரம் ஒரு வெடிப்பில் அலவாங்கு ஆழமாக இறங்க, தண்ணீர் பொங்கியது. உள்ளே நின்றவர்கள் இடுப்பளவு நனைந்து, சிரித்துக்கொண்டு ஏறினார்கள். கண்ணாடித் தண்ணீர். ஊரே திரண்டு வந்து குடித்துப் பார்த்தது, நல்ல தண்ணீர்தான். கிழவிகள் அண்ணையின் தலையைத் தொட்டு வாழ்த்தினார்கள். அவருக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த நாளே கிணற்றுக்குத் துலா போட்டார். இனி ஆரும் காத்திருக்கத் தேவையில்லை, வேண்டியமட்டும் அள்ளுங்கோ என்றார். அம்மாவும் அன்று சிரித்தார். கண்ணூறு பட்டுவிடும் என்று அண்ணைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்.

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வந்த சனம் எல்லாம் கால் கழுவக்கூட நல்ல தண்ணீரை அள்ளி ஊற்றியது. மாப்பிள்ளையின் தாயார் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு, என்ரை மகன் குடுத்து வைச்சவன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணை பந்தியைக்கூடக் கவனிக்காமல் துலாவடியிலேயே நின்றார்.

கலியாணம் முடிந்த கிழமை, ஒரு மத்தியானம் நான் பருப்பு வைத்தேன். வேகவில்லை. விறகு சரியில்லை என்று நினைத்து அடுப்பை இன்னும் எரித்தேன், வேகவே இல்லை. ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டேன். நாக்கின் அடியில் மெல்லிய ஒரு கரிப்பு. இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வாயில் வைத்துவிட்டு அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். நாளைக்குத் தெளியும், நாளையின்றைக்குத் தெளியும் என்று பார்த்தோம். நாளுக்கு நாள் உவர் கூடியது.

அழுது முடித்துவிட்டு முதலில் எழும்பியது அக்காதான். கிணறு அவளுடையது, அவளுடைய சீதனம், அவளுடைய மாமியார் கண்ணை மூடிக் குடித்துப் பார்த்து எடுத்த கிணறு. அவளுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

"அண்ணை போகுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. இது தெரிஞ்சால் அவர் இனி இந்தப் படலையைத் திறக்க மாட்டார்."

அவள் சொன்னது சரி. அண்ணை அப்படிப்பட்டவர். தகப்பனாருக்குக் கடைசி நேரம் மருந்து வாங்கப் போன வள்ளம் பிந்திவிட்டது என்று, அந்த வள்ளத்தில் போன சின்னப் பெடியன் தான்தானே என்று, அவர் நெடுநாள் ஒரு நேரச் சோற்றோடு கிடந்தவர். தங்கச்சியின் சீதனக் கிணற்றைத் தன் கையாலேயே உப்பாக்கினேன் என்று தெரிந்தால் அந்த மனம் என்ன ஆகும்? அவர் ஆனி பிறக்கக் கடைக்குத் திரும்பிவிடுவார். அதுவரைக்கும் மறைத்துவிட்டால் போதும். மாரி பெய்தால் கிணறு திருந்திவிடும், அவருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்று எங்களுக்கு ஒரு ஆசை.

அக்கா புருஷனிடம் சொல்லிவிட்டாள். அத்தான் நல்ல மனுசன். எங்கள் ஊரில் இதைவிட உவரைக் குடித்து வளர்ந்தனாங்கள் என்றாராம், தாயாருக்கு மூச்சும் விடவில்லை. விடியும் முன்னம் அக்காவும் நானும் அந்தக் கோபக்கார வீட்டுக்குப் போனோம். படலையில் நின்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றோம். அந்த வீட்டு மனுசி எங்களைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் குடத்தை வாங்கி, தானே அள்ளி ஊற்றித் தந்தார். அந்தத் தண்ணீரில்தான் அண்ணைக்குச் சோறு, தேத்தண்ணீர், குடிக்கிற செம்பு எல்லாம். துலாவில் அள்ளியதுபோல வாளியைக் கிணற்றடியில் நனைத்து வைப்போம்.

ஆனால் ஊர்ப் பெண்களை என்ன செய்வது? அவர்கள் வராவிட்டால் அண்ணைக்கு அன்றைக்கே விளங்கிவிடும். அம்மா படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று வந்தவர்களிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வாருங்கள் என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கெட்டுப்போனது, பிள்ளைக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார். அவர்கள் முகத்தை முகம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, வழமைபோலக் கதை பேசி, துலாவில் அள்ளி, குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள். பின்னேரமும் வந்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள்.

அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பனங்கூடலுக்குள் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு மற்றக் கிணற்றுக்கு நடந்தார்கள். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும் அந்த வெயிலில், ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக இரண்டு குடம் சுமந்தார்கள்.

அண்ணைக்கு அது தெரியாது. வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, வருகிறவர்களை வாய் நிறைய வரவேற்பார். ஒரு குடத்தோடு போகிறவர்களை மறிப்பார். மாமி, முந்தின மாதிரி இல்லை, இன்னொரு குடம் கொண்டு போங்கோ, ஆச்சி, பிள்ளையளையும் வரச் சொல்லுங்கோ என்று உபசரிப்பார். அவர்களும் ஓம் தம்பி, ஓம் தம்பி என்று இன்னொரு குடமும் அள்ளிக்கொண்டு போவார்கள். நான் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். போதும் அண்ணை, வாயை மூடுங்கோ என்று கத்த வேண்டும்போல இருக்கும்.

அவர்களில் ஒருத்தி நிறைமாதம். நடக்கவே மூச்சு வாங்கும். அம்மா ஒழுங்கையில் அவளை மறித்து, நீ இனி வரவேண்டாம் பிள்ளை என்று கெஞ்சினார்.

"நான் வராமல் விட்டால் தம்பி யோசிக்கும், மாமி" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் குடத்தை நிறைத்தாள்.

கடைசி நாட்களில் அண்ணை கொஞ்சம் மாறியிருந்தார். கதிரையில் இருப்பார்தான், சிரிப்பார்தான். ஆனால் இரண்டாம் குடத்துக்கு ஆரையும் மறிக்கவில்லை. வெயிலுக்கை சுமக்காதேங்கோ, அரைக் குடம் காணும் என்றார். பயணம் கிட்டுகிற கவலை என்று நாங்கள் நினைத்தோம். புறப்பட்ட அன்று வள்ளத்தடியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். வள்ளம் விலகியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா, பிள்ளை சந்தோஷமாய்ப் போகுது என்றார். அடுத்த நாள் எங்கள் கிணற்றடிக்கு ஒருவரும் வரவில்லை.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. கிணறு மேலால் நிரம்பியது. ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாக அக்கா ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்புவாள். கார்த்திகை போய், மார்கழியும் போனது. திருந்தவில்லை. உடைத்த கல்லை மூட முடியுமா என்று அத்தான் ஆட்களைக் கொண்டு பார்த்தார், அதுவும் ஏலவில்லை. அந்த வருஷம் தெற்கே காய்ச்சல் என்று செய்தி வந்தபடி இருந்தது. எங்கள் ஊரில் இந்த வீட்டில் ஒரு அழுகை, அந்த வீட்டில் ஒரு அழுகை. அம்மா நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து வைத்துவிட்டு இருந்தார்.

தையில் கடைக்காரச் சொந்தக்காரர் அண்ணையை ரயில் கோச்சியில் யாழ்ப்பாணம் கொண்டுவந்து, அங்கிருந்து வண்டியிலும் வள்ளத்திலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். என் அண்ணை என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் மஞ்சளாகி, கை கால் சூம்பி, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. பரியாரியார் வந்து நாடி பார்த்தார். மூலிகைக் குடிநீர் காய்ச்சச் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பாராமல் எழும்பிப் போனார்.

ஒரு பின்னேரம் காய்ச்சல் விட்டிருந்த நேரம் அண்ணை தண்ணீர் கேட்டார். அக்கா மற்றக் கிணற்றில் இருந்து கொண்டுவந்த தண்ணீரைச் செம்பில் வார்த்துக் கொண்டுவந்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, இது எங்கடை கிணத்துத் தண்ணியோ என்று கேட்டார். ஓம் அண்ணை என்றாள் அக்கா.

"பொய் சொல்லாதை பிள்ளை. அண்டைக்குப் பெண்டுகள் பனங்கூடலுக்கை ஊத்தினதைக் கண்டனான்."

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். அவர் மூச்சு வாங்கி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பயணத்துக்குச் சில நாள் இருக்க, பெட்டி கட்ட ஓலை பார்க்கப் பனங்கூடலுக்குள் போனவராம். எங்கள் வீட்டில் இருந்து போன பெண்கள் வரிசையாக நின்று குடத்தைச் சரிப்பதைக் கண்டவராம். ஒன்றும் விளங்காமல் வந்து துலாவில் அள்ளி வாயில் வைத்தபிறகுதான் விளங்கியதாம். அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லத்தான் நினைத்தாராம். அடுத்த நாள் காலை அந்த வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு படலைக்குள் வந்ததைக் கண்டதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டாராம். தெரியும் என்று சொன்னால், அவள் அவ்வளவு நாளும் சுமந்ததுக்கு என்ன அர்த்தம்? ஆகவே தெரியாததுபோலவே கதிரையில் இருந்துவிட்டாராம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணை அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் வெட்டின தண்ணியிலை ஒரு செம்பு கொண்டு வா, தங்கச்சி."

நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா அம்மாவைப் பார்த்தாள். நான் போய் அள்ளி வந்தேன். அத்தான் அவரைத் தாங்கிப் பிடித்தார். அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார். உப்பு வாய்க்குத் தெரிந்ததா, காய்ச்சல் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. முகம் சுளிக்கவில்லை. செம்பைத் திருப்பித் தந்துவிட்டு, "பாவம் அந்தப் பெண்டுகள். இதைப் போய் எத்தினை குடம் சுமந்தவை" என்றார்.

அந்தக் கிழமையே போய்விட்டார். செத்த வீட்டில் உடலைக் குளிப்பாட்ட வீட்டுக் கிணற்றில்தான் அள்ளுவார்கள், அதுதான் எங்கள் வழக்கம். அத்தான் துலாவடிக்குப் போனார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் பிள்ளையை அந்தத் தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டாம் என்று கத்தினார். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தும் விடவில்லை.

அந்த நேரம் படலை திறந்தது. ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அன்றைக்கு நிறைமாதத்தோடு சுமந்தவளும் கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் குடம். அவர்கள் கிணற்றடிப் பக்கம் திரும்பவேயில்லை. நேராக முற்றத்துக்கு வந்து, அண்ணையைக் கிடத்தியிருந்த மர வாங்கைச் சுற்றிக் குடங்களை இறக்கினார்கள். எல்லாக் குடமும் நிறைந்திருந்தது. அம்மா அத்தானின் கையை விட்டுவிட்டு வந்து முதல் குடத்துக்குள் கையை விட்டு, ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகுதான் அண்ணையின் தலையில் வார்க்கச் சம்மதித்தார்.